கடலோரத்தில் ஒரு நாள் டேண்டம் பயணம்: தூரத்தைப் பின்னிருக்கைதான் முடிவு செய்யும்

நீங்கள் வாரந்தோறும் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர். உங்கள் துணைவியார் பள்ளிப் பருவத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. விடுமுறையில் இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக் கடலோரச் சாலையில் ஒரு நாள் முழுவதும் போக விரும்புகிறீர்கள். 80 கிலோமீட்டர் போக முடியுமா, எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

போக முடியும், ஆனால் போக வேண்டாம் என்பதே என் பதில். முதல் நாளுக்கு 40 கிலோமீட்டர், மிஞ்சினால் 50 போதும். உங்கள் கால்களின் வலுவைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. டேண்டத்தில் நாளின் நீளத்தை முன்னால் இருப்பவரின் கால்கள் தீர்மானிப்பதில்லை. பின்னால் இருப்பவரின் இருக்கை, உள்ளங்கை, பொறுமை ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. அந்த மூன்றையும் வைத்துத் திட்டமிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். முன்னால் அமர்பவரைக் கேப்டன் என்றும், பின்னால் அமர்பவரை, நீராவி இயந்திரத்துக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவரின் பெயரால், ஸ்டோக்கர் என்றும் சொல்வார்கள். நான் முன்னவர், பின்னவர் என்றே எழுதுகிறேன். ஹேண்டில்பாரைத் திருப்புவது முன்னவர். வழக்கமான அமைப்பில் கியரும் பிரேக்கும் அவர் கையில்தான் இருக்கும். பின்னவர் பிடித்திருக்கும் ஹேண்டில்பார் அசையாது. அது முன்னவரின் இருக்கைத் தண்டோடு பிணைக்கப்பட்டது. ஆகவே உங்கள் இருக்கையை ஏற்றினால் அவருடைய கைப்பிடியும் சேர்ந்தே ஏறும். வாடகைக் கடையில் இருவரின் உயரத்தையும் ஒரே தடவையில், இருவரும் ஏறி அமர்ந்த நிலையில் சரிபார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். யார் முன்னால் என்பதில் ஆண் பெண் கணக்கு எதுவும் கிடையாது. அனுபவமும் உடல் எடையும் கூடியவர் முன்னால் இருந்தால் வண்டியைக் கட்டுப்படுத்துவது எளிது, அவ்வளவே. பார்வை இழந்தவர்கள் சாலையில் சைக்கிள் ஓட்ட டேண்டம்தான் முதன்மையான வழி. பாராலிம்பிக் பந்தயங்களிலும் அவர்கள் பின்னிருக்கையில்தான் அமர்கிறார்கள். அங்கே முன்னால் இருப்பவருக்குப் பைலட் என்று பெயர்.

பெரும்பாலான டேண்டங்களில் இரண்டு ஜோடிப் பெடல்களையும் இடப்பக்கத்தில் ஒரு தனிச் செயின் இணைக்கிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள பற்சக்கரங்களில் ஒரே எண்ணிக்கையில் பற்கள் இருப்பதால் இருவரும் ஒரே வேகத்தில்தான் மிதிக்க முடியும். நீங்கள் மிதித்தால் அவருடைய காலும் சுற்றும். நீங்கள் நிறுத்தினால் அவருடைய காலும் நின்றாக வேண்டும். புதிதாக ஏறுகிறவருக்கு முதல் பத்து நிமிடங்களில் அச்சம் தருவது இதுதான்: தன் கால்களே தன் வசத்தில் இல்லாதது போன்ற உணர்வு. தனியாக ஓட்டும்போது நீங்கள் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கிற பழக்கம் உடையவராக இருக்கலாம்; பழக்கமில்லாதவருக்கு 60 முதல் 70 வரைதான் இயல்பாக வரும். 75ஐ ஒட்டி இருவரும் ஒத்துக்கொண்டால் நல்லது. விட்டுக்கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் கியர் உங்கள் கையில் இருக்கிறது.

பயணத்துக்கு முந்தைய நாள் மாலை, வண்டிகள் வராத ஒரு திறந்த வெளியில் ஒரு மணி நேரமாவது பழகுங்கள். புறப்படும் முறை முக்கியம். முன்னவர் வண்டியின் இரு பக்கமும் கால்களை அகட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூண் போல நிற்க வேண்டும். பெடல் சுழலும்போது கெண்டைக்காலில் அடிக்காத அளவுக்குக் கால்கள் அகன்றிருக்க வேண்டும். இதை மறந்து நீலம் பாய்ந்த கால்களோடு வீடு திரும்பிய முன்னவர்கள் ஏராளம், நானும் அவர்களில் ஒருவன். பின்னவர் ஏறி, அமர்ந்து, இரண்டு கால்களையும் பெடலில் வைத்து, முன்னவர் தொடங்க விரும்பும் நிலைக்குப் பெடலைச் சுற்றிக் கொடுக்கிறார். "தயார்" என்று பின்னவர் சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும். சொல்ல வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. நிற்கும்போதும் பின்னவர் காலை ஊன்ற வேண்டியதில்லை. முன்னவர் தாங்கிக்கொள்வார், அவர் பெடலிலேயே இருக்கலாம். இந்த ஓர் உறுதி கிடைத்துவிட்டால் பின்னவரின் பதற்றத்தில் பாதி குறைந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதன் பிறகு நாள் முழுவதும் பேச்சுதான் வண்டியை ஓட்டுகிறது. முன்னவருடைய முதுகுதான் பின்னவருக்கு எதிரே தெரிகிற சாலை. குழி வருவதை அவர் பார்க்க முடியாது. எனவே "குழி", "கியர்", "நிறுத்து", "மெதுவாக", "இடப்பக்கம் திரும்புகிறோம்" என்று ஒற்றைச் சொற்களில், நிகழ்வதற்கு ஒரு நொடி முன்னால், ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். நான் மூன்று மணி நேரம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்து, கடலில் தெரிந்த ஒரு படகைப் பார்த்த மயக்கத்தில் ஒரே ஒரு குழியைச் சொல்லாமல் விட்டேன்; அந்த மூன்று மணி நேரமும் கணக்கில் வரவில்லை, அந்த ஒரு குழி மட்டும்தான் வந்தது. தனிச் சைக்கிளில் நாம் குழியைக் கண்டதும் நம்மையறியாமல் இருக்கையிலிருந்து சற்றே எழும்பிவிடுவோம். பின்னவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அவர் பின்சக்கரத்துக்கு ஏறத்தாழ நேர் மேலே அமர்ந்திருப்பதால் அடி முழுவதும் அவருடைய இடுப்பில்தான் இறங்கும். வாடகை வண்டியில் பின்னிருக்கைத் தண்டுக்கு அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த வண்டியையே எடுங்கள், வேறு குறை இருந்தாலும் பரவாயில்லை.

இனி கடற்கரைக்கு வருவோம். கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனியாகப் பெயரிட்ட மொழி நம்முடையது. ஆனால் சைக்கிளில் ஏறியவருக்கு எதிர்க்காற்று, பின்காற்று, பக்கக் காற்று என்ற மூன்றைத் தவிர வேறு காற்று இல்லை. கடலோர நாளை வகுப்பது காற்றுதான். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசுகிறது. தெளிந்த வானமுள்ள நாளில் இந்தக் கடற்காற்று பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்தை அடைந்து, பொழுது சாயும்போது அடங்கும். தொடங்கும்போது கரைக்குக் குறுக்காக, அதாவது உங்களுக்குப் பக்கவாட்டில் வீசும். நேரம் செல்லச் செல்ல, பூமியின் சுழற்சியால், வடகோளத்தில் வலப்புறமாகவும் தென்கோளத்தில் இடப்புறமாகவும் திரும்பி, கரையோடு ஒட்டி வீச முற்படும். காலையில் மூச்சே இல்லாமல் கிடந்த சாலையில் மாலை மூன்று மணிக்கு மிதிக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். எனவே விடியலில் புறப்படுங்கள். நாளின் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு முற்பகலிலேயே முடிந்துவிட வேண்டும்.

எதிர்க்காற்றில் டேண்டம் உண்மையில் நல்ல வண்டி. இரண்டு பேர் மிதிக்கிறார்கள். ஆனால் காற்றைக் கிழிப்பது ஏறத்தாழ ஒரே உடல், ஏனென்றால் பின்னவர் முன்னவரின் மறைவில் இருக்கிறார். காற்றை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடியாகக் கூடுவதால், ஆற்றல் இரு மடங்கானாலும் சமதளத்தில் வேகம் கணக்குப்படி கால் பங்குதான் கூடும். அதுவே எதிர்க்காற்றில் பெரிய உதவி. பக்கக் காற்றில் நிலைமை வேறு. வண்டி நீளம், இரண்டு உடல்களும் பக்கவாட்டில் காற்றுக்குத் தெரிகின்றன. பாறைச் சுவருக்குப் பின்னால் அமைதியாகப் போய்க்கொண்டிருந்து, சுவர் முடிந்து கழிமுகத்துப் பாலத்தில் ஏறும் கணத்தில், யாரோ தோளில் தள்ளியது போல வண்டி ஓரடி நகரும். பெரிய லாரி காற்றை மறைத்துக்கொண்டு கடந்துபோகும்போதும் இதே கதைதான்: முதலில் வண்டி லாரியின் பக்கமாகச் சாயும், பிறகு தள்ளப்படும். அத்தகைய இடங்களில் பின்னவர் செய்ய வேண்டியது ஒன்றே: அசையாமல் அமர்ந்திருப்பது. அவருடைய எடை ஒரு பக்கம் சாய்ந்தால் முன்னவர் ஹேண்டில்பாரில் அதற்கு ஈடு கட்ட வேண்டியிருக்கும். கடலைப் பார்க்கத் தலையைத் திருப்பலாம், தோளைத் திருப்பக் கூடாது என்று நான் சொல்வது வழக்கம்.

காற்று கரையோடு வீசும் நாளில் போய்த் திரும்பும் பயணம் என்றால், எதிர்க்காற்றில் போய்ப் பின்காற்றில் திரும்புங்கள். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த விதியை நானே மீறியிருக்கிறேன். பின்காற்று தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதன் வேகத்தை ஒட்டி நாமும் போவதால் காதில் இரைச்சல் இருக்காது, கன்னத்தில் படாது, நம் கால்களுக்குத்தான் திடீரென்று வலு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். அப்படி நினைத்து 25 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய நாங்கள் 38 கிலோமீட்டர் வரை போனோம். திரும்பி வர ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆயிற்று, கடைசி ஒரு மணி நேரம் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. முடிந்தால் ஒரு வழிப் பயணமாக வைத்துக்கொண்டு, மறுமுனையில் வண்டியை ஒப்படைக்கும் ஏற்பாட்டைச் செய்வது நல்லது. பேருந்தையோ ரயிலையோ நம்பினால் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். டேண்டத்தின் இரு அச்சுகளுக்கு இடையே மட்டுமே 1.7 மீட்டருக்கு மேல் இருக்கும், சாதாரண சைக்கிளை ஏற்றும் இடத்தில் இது நுழையாது.

எந்தத் திசையில் போவது என்பதில் காற்றுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது கடல் எந்தப் பக்கம் என்பது. வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் நாட்டில் கடல் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் செல்லும் நாட்டில் வலக்கைப் பக்கம். அப்போதுதான் கடலுக்கும் உங்களுக்கும் இடையே எதிர்வரும் வண்டிகள் இருக்காது, காட்சி முனைகளில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிராது. ஒரு தீவைச் சுற்றுவதானால் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடிகார முள் சுற்றும் திசை சரியானது. கலிஃபோர்னியாவின் 1ஆம் எண் நெடுஞ்சாலையில் சைக்கிள் பயணிகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே போவதற்குக் கடல் வலப்பக்கம் அமைவதும், கோடையில் வடமேற்கிலிருந்து காற்று முதுகில் படுவதும் சேர்ந்தே காரணம். ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் சாலையில் கடல் இடக்கைப் பக்கம் வர வேண்டுமானால் கிழக்கு முனையான டார்க்கேயிலிருந்து மேற்கு நோக்கிப் போக வேண்டும். இதற்கு எதிரான நியாயமும் உண்டு: கடற்பக்க விளிம்பில் தடுப்புச் சுவர் இல்லாத செங்குத்தான பாறைச் சாலையில், உயரத்தைக் கண்டு அஞ்சும் பின்னவருக்கு மலைப்பக்கம்தான் நிம்மதி. புறப்படும் முன் கேட்டுவிடுங்கள்.

கடலோரச் சாலை என்றாலே சமதளம் என்று எண்ணிக்கொள்வது பரவலான பிழை. மணல் கரைகளில் அது உண்மை. பாறைக் கரைகளில் சாலை ஒவ்வொரு சிற்றாற்றுக்கும் இறங்கி, ஒவ்வொரு முனைக்கும் ஏறும். 20 மீட்டர் ஏற்றம் முப்பது முறை வந்தால் 600 மீட்டர், அது ஒரு மலைக் கணவாய்க்குச் சமம். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்காமல் மொத்த ஏற்றத்தையும் பாருங்கள். முதல் நாளுக்கு 400 மீட்டருக்குக் கீழே இருப்பது நல்லது. ஏற்றத்தில் டேண்டம் தயங்கும். சமதளத்தில் காற்றை மிச்சப்படுத்திய ஆதாயம் அங்கே இல்லை, இரு உடல்களின் எடையும் வண்டியின் எடையும்தான் மிஞ்சும். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நான்கு கால்களின் அழுத்தம் செயினில் இருக்கும்போது கியர் மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும், சில வேளை கழன்றும் விழும். "கியர்" என்று சொல்லி, இருவரும் அரைச் சுற்றுக்கு அழுத்தத்தைத் தளர்த்தினால் போதும்.

இறக்கத்தில்தான் உண்மையான எச்சரிக்கை தேவை. 170 கிலோ எடையுள்ள ஜோடியும் வண்டியும் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 167 கிலோஜூல். அரை லிட்டர் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க அதுவே போதும். மெதுவாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கில்தான் சேரும். ரிம்மை அழுத்தும் வகைப் பிரேக்கானால் ரிம் கொதித்து, டியூப் வெடிக்கக்கூடும். நீண்ட மலை இறக்கங்களுக்கென்றே சில டேண்டங்களில் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக்கைப் பொருத்துவது இதனால்தான். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். நேரான இடத்தில் வண்டியை ஓட விட்டு, வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து, பிறகு விடுங்கள். விடும் இடைவெளியில் காற்று அதைக் குளிர்விக்கும். வேகத்தின் எல்லை பின்னவர் சொல்வது. வண்டி எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பது அங்கே பொருட்டல்ல; கையில் பிரேக் இல்லாமல், முன்னே எதுவும் தெரியாமல் அமர்ந்திருப்பவர் "போதும்" என்றால் போதும்.

வளைவுகளில் காற்று கொண்டுவந்து குவித்த மணல் இன்னொரு தொல்லை. தெரிந்தவுடன் சொல்லுங்கள், மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் பிரேக்கும் திருப்பலும் இல்லாமல் நேராகக் கடந்துவிடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் தனிச் சைக்கிளைப் போல இதை மீட்டெடுக்க முடியாது. ஈர மணலில், அலையோரத்தில் ஓட்ட ஆசை வரும். ஒரு படம் எடுத்துக்கொள்ள நூறு மீட்டர் போகலாம், அதற்கு மேல் உப்பு நீர் பேரிங்குகளுக்குள் போய்விடும்.

உடல் பற்றியும் சில சொல்ல வேண்டும். பின்னவர் காற்று படாத இடத்தில் இருப்பதால் உங்களைவிட அதிகமாக வேர்ப்பார், அதிகம் குடிக்க வேண்டியிருக்கும். உங்களுக்குச் சில்லென்று இருக்கும்போது அவருக்குப் புழுங்கும். காற்றில் முன்னவருக்கு வெயில் உறைக்காது, தோல் மட்டும் கருகும். மேலிருந்து வருவது போதாதென்று காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது. கால் மணிக்கு ஒருமுறை "எழுவோம்" என்று சொல்லி, இருவரும் சில நொடிகள் மிதிப்பதை நிறுத்தி, பெடலில் நின்று இருக்கையிலிருந்து எழுந்தால் பின்னவரின் இடுப்பில் இரத்தம் ஓடும். ஒரு மணிக்கு ஒருமுறை முழுமையாக இறங்கி நடங்கள், நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னாலும்.

இவ்வளவையும் படித்தால் பின்னவர் பாடு வேதனைதான் என்று தோன்றலாம். உண்மையில் கடலோரத்தில் நல்ல இருக்கை அதுதான். முன்னவர் சாலையையும் குழியையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே போகிறார்; கடல் அவருக்கு ஓரக்கண்ணில் ஒரு நீலக்கோடு, அவ்வளவே. பின்னவருக்கு நாள் முழுவதும் பக்கவாட்டில் திறந்த கடல். கைகள் பெரும்பாலும் ஓய்வாக இருப்பதால் படம் எடுப்பது, வரைபடம் பார்ப்பது, தின்பதை எடுத்துக் கொடுப்பது, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டுவது எல்லாம் அவர் வேலை. இந்த வேலைகளை முதலிலேயே அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எங்கே நிற்பது என்ற முடிவையும் சேர்த்து. கண்ணில் பட்ட ஒவ்வொரு குடாவிலும் நிற்கச் சொல்வார். 40 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகட்டும், மிதித்த நேரம் மூன்று மணி நேரம்தான் இருக்கும்.

மேற்கு நோக்கிய கரையானால் கடைசி ஒரு மணி நேரத்தை எச்சரிக்கையோடு வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சூரியன் நீரில் பட்டுத் தெறிக்கும்போது, வெயிலை நோக்கி வரும் வாகன ஓட்டிகளுக்கு உங்களைத் தெரியாது. பின்விளக்கைப் பகலிலேயே எரிய விடுங்கள்.

வண்டியை எடுக்கும்போது இடப்பக்கச் செயினை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அதிகமாகத் தொய்ந்தால் இறுக்கச் சொல்லுங்கள், முன்பெடலின் அச்சுக்கூட்டைத் திருப்பி இறுக்கும் அமைப்பு அநேகமாக இருக்கும். பின்சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், ஏதாவது கம்பி தளர்ந்து மந்தமாக ஒலித்தால் வேறு வண்டி கேளுங்கள். டயரில் காற்று, இருவர் எடைக்கு ஏற்றபடி, தனிச் சைக்கிளைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மாற்று டியூப் இரண்டு, பம்ப், பஞ்சர் பொருள்கள் அவசியம். சொந்த வண்டியானால், அன்றிரவே நல்ல நீரை மெதுவாக ஊற்றிக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு இரண்டு செயின்களுக்கும் எண்ணெய் விடுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், மழையே இல்லாவிட்டாலும் மறுநாள் காலையில் செயினில் செந்நிறம் தெரியத் தொடங்கிவிடும்.